பின்னறைக்கு மேலே ஒரு கிளை

காலை ஏழு மணிக்கே அவளுடைய மெத்தை கூடத்தில் வந்து விழுந்தது. அதன் மேல் தலையணை, போர்வை, துணிப்பெட்டி... கடைசியாக மாமியாரின் குரல்.

"பத்து மணிக்கு என் பொண்ணு பிள்ளையோட வந்து இறங்குறா. மாப்பிள்ளை கப்பல் ஏறிட்டாரு. இனி ஒரு வருஷம் அவ இங்கதான். பின்னறை அவளுக்கு! இந்தத் தடவை உன் ஜம்பமெல்லாம் பலிக்காது, சொல்லிட்டேன்!"

அவள் அடுப்பை அணைத்துவிட்டு ஓடிவந்தாள்.

"அத்தை... அந்த ரூம் மட்டும் வேண்டாம் அத்தை. முன்னறையைக் குடுங்க. நான் கூடத்துல, சமையல்கட்டுல, எங்க வேணா படுத்துக்கறேன்..."

"அப்ப பின்னறை?"

"காலியா... கிடக்கட்டும் அத்தை."

"கேட்டியாடா உன் பொண்டாட்டி பேச்சை! தனக்கும் வேண்டாமாம், அடுத்தவளுக்கும் கிடைக்கக் கூடாதாம்! இப்படி ஒரு மனசை நான் எங்கயும் பார்த்ததில்ல!"

கணவர் வாசற்படியில் உட்கார்ந்து கொத்துக்கரண்டியில் ஒட்டியிருந்த பழைய சிமெண்டைச் சுரண்டிக்கொண்டிருந்தார். கொத்தனார். அவர் பூசிய சுவரில் பல்லி கூட வழுக்கும் என்று தெருவில் சொல்வார்கள். மனைவி சொல்லும் வார்த்தையும் அவர் மேல் அப்படித்தான் வழுக்கிக்கொண்டு போகும். "காலங்காத்தால ஆரம்பிச்சிட்டீங்களா..." என்றாரே தவிர, தலையை நிமிர்த்தவில்லை.

அந்த அறைக்காக அந்த வீட்டில் நடந்த சண்டை கொஞ்சநஞ்சமல்ல. வீடு முழுக்க வெயிலில் வேகும்போது பின்னறை மட்டும் குளுகுளுவென்று இருக்கும். காரணம், சுவரை ஒட்டி நின்ற தூங்குமூஞ்சி மரம். மாமனார் வீடு கட்டிய வருடமே வைத்தது. அவர் போன பிறகு மாமியாருக்கு அந்த மரம்தான் அவர். மரத்தின் ஒரு பெரிய கிளை தகரக் கூரைக்கு மேலே நீண்டு, அறை முழுவதையும் நிழலில் வைத்திருந்தது. கிளை பிரியும் இடத்தில் ஒரு பொந்து விழுந்தபோது கணவர் ஏணி போட்டு ஏறி, இரண்டு சட்டி சிமெண்டை வைத்து அடைத்து, வழவழவென்று பூசி, மரத்தின் நிறத்திலேயே வர்ணமும் அடித்துவிட்டார். "எம்பையன் மரத்துக்கே வைத்தியம் பார்த்தவன்!" என்று வருகிறவர் போகிறவருக்கெல்லாம் மாமியார் அதைக் காட்டுவாள்.

அடுத்த வருடம் பக்கத்து வீட்டு மரத்தின் கிளைகளைக் கழிக்க ஒரு மரக்காரர் வந்தார். மதில் வழியாக எட்டிப் பார்த்தவர், அனுமதி கேட்டு உள்ளே வந்து, மரச் சுத்தியலால் கிளையின் அடியைத் தட்டித் தட்டிக் காது வைத்துக் கேட்டார். பிறகு அவளிடம் மட்டும் சொன்னார்.

"மரத்துக்கு ஒண்ணுமில்லம்மா, நல்லா இருக்கு. இந்தக் கிளைதான் மோசம். சிமெண்ட் ஈரத்தை உள்ளயே பூட்டி வெச்சிருக்கு. உள்ள உளுத்துக்கிட்டே போகுது, வெளிய தெரியாது. கிளையை இறக்கற வரைக்கும் அடியில யாரையும் படுக்க விடாதீங்க."

அன்று மாலை சாப்பாட்டின்போது அவள் அப்படியே சொன்னாள். கணவர் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்துபோனார். "வேலை தேடி அலையறவன் அப்படித்தான் சொல்வான். என் கைவேலையைக் குறை சொல்ல ஒருத்தன், அதைக் கேட்டுக்கிட்டு வர ஒருத்தி!" மாமியாரோ ஆடித் தீர்த்துவிட்டாள். "கருநாக்கு! அவர் வெச்ச மரத்தை விழும்னு சொல்றியே, உன் வாயில என்ன வெச்சிருக்கே? இனி அந்த மரத்தைப் பத்தி ஒரு வார்த்தை பேசமாட்டேன்னு உன் மக தலையில கை வெச்சு சத்தியம் பண்ணு!" அழுதுகொண்டே அவள் சத்தியம் செய்தாள். நான்கு வயது மகள் ஏதோ விளையாட்டு என்று சிரித்தது.

மூன்றே மாதத்தில் நாத்தனார் பிரசவத்துக்கு வந்தாள். நிறைமாதக்காரிக்குக் குளிர்ச்சியான அறை என்று பின்னறையைத் துடைத்து வைத்தார்கள். மருமகளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பேசினால் மகளின் தலை. பேசாவிட்டால் இரண்டு உயிர்! யோசித்துப் பார்த்தாள், ஒரே ஒரு வழிதான் இருந்தது. "பின்னறை எனக்குத்தான் வேணும்" என்று பிடிவாதமாகப் போய்ப் படுத்துக்கொண்டாள்.

அவ்வளவுதான், வீடே அவள் மேல் பாய்ந்தது. நிழல்காரி என்று நாத்தனார் பெயர் வைத்தாள். கணவருக்கோ அது பெரிய சாட்சியாகப் போயிற்று. "பாத்தீங்களா? விழும்னு சொன்னவளே அங்க போய்ப் படுக்கறா! எல்லாம் ரூமுக்காகப் போட்ட நாடகம்!" அன்றிலிருந்து அவர் கூடத்தில் படுத்தார், அவளிடம் முகம் கொடுத்துப் பேசுவதையும் நிறுத்திவிட்டார். மகளையும் அவள் பாட்டியிடமே விட்டுவிட்டாள். "பெத்த பிள்ளையைக்கூடப் பக்கத்துல சேர்க்காதவ" என்ற பேரும் வந்தது.

இரண்டு வருடம்! காற்று பலமாக அடித்தால் கண்ணைக் கொட்டாமல் கூரையைப் பார்த்துக் கிடப்பாள். ஓடிப்போக முடியாது. போனால் அந்த இடத்தில் வேறு யாரையாவது படுக்க வைத்துவிடுவார்கள்.

இன்று நாத்தனார் சொன்னபடி பத்து மணிக்கு வந்து இறங்கினாள். வந்தவள் கூடத்தில் கிடந்த மெத்தையைப் பார்த்து உதட்டைச் சுழித்தாள்.

"என்ன அண்ணி, பட்டா மாறிடுச்சா?"

"அம்மாடி, உன்னைக் கெஞ்சிக் கேக்கறேன். குழந்தையை முன்னறையில..."

"அந்த வேக்காட்டுலயா? உங்களுக்கு ஈவு இரக்கமே கிடையாதா அண்ணி?"

பயணக் களைப்பில் குழந்தை தோளிலேயே தூங்கிவிட்டிருந்தது. பின்னறைக் கட்டிலில் கொண்டுபோய்க் கிடத்தினார்கள். மாமியார் அந்த அறை வாசலை அடைத்துக்கொண்டு நாற்காலி போட்டு உட்கார்ந்தாள். சற்று நேரத்தில் காற்று எழுந்தது. தகரத்தின் மேல் சருகுகள் ஓடின. பிறகு ஒரு சத்தம், தண்ணீர் பட்ட கதவு மெல்லத் திறப்பதைப் போல. அவளுக்கு மட்டும் பழக்கமான சத்தம்.

"அத்தை, குழந்தையைத் தூக்குங்க! உங்க கால்ல விழறேன்!"

"விழு. அப்படியாவது திமிர் அடங்கட்டும்."

அதற்கு மேல் அவள் கெஞ்சவில்லை. கணவரின் சாக்குப் பையைக் கவிழ்த்தாள். உளியையும் சுத்தியலையும் எடுத்துக்கொண்டாள். ஏணியை இழுத்து மரத்தில் சாத்தி, புடவையைத் தூக்கிச் செருகி ஏறினாள்.

முதல் அடி விழுந்ததும் மூன்று பேரும் ஓடிவந்துவிட்டார்கள்.

"ஐயோ, அவர் மரம்! கொல்றாளே!" மாமியார் மாரில் அடித்துக்கொண்டாள்.

"இறங்குடி! சொல்றேன்ல... சத்தியம் பண்ணியே, ஞாபகம் இருக்கா?" கணவர் ஏணியைப் பிடித்து உலுக்கினார்.

அவள் திரும்பிப் பார்த்தாள். கண்ணீரும் சிமெண்ட் தூளும் முகத்தில் குழம்பியிருந்தன.

"பேசமாட்டேன்னுதானே சத்தியம் வாங்கினீங்க? நான் பேசலையே! கையைக் கட்டிப்போட யாருக்கும் தோணலையே!"

நான்காவது அடியில் வழவழப்பான பூச்சு ஒரே பாளமாகப் பெயர்ந்து தரையில் விழுந்தது. பின்னாலேயே கறுத்த ஈரத் தூள் கொட்டியது. கொட்டியது... கொட்டிக்கொண்டே இருந்தது! ஒரு சாக்கு நிறையும். புழு நெளியும் அந்தத் தூள் கணவரின் தலையிலும் தோளிலும் விழுந்தது.

அவள் இறங்கி வழிவிட்டாள். அவர் ஏறினார். பொந்துக்குள் கையை விட்டார். முழங்கை போயிற்று, தோள்வரை போயிற்று. அப்படியும் விரலுக்குக் கெட்டியாக எதுவும் அகப்படவில்லை. அண்ணாந்து அந்தக் கிளையைப் பார்த்தவரின் முகம் செத்துப்போயிற்று.

"குழந்தை! குழந்தையை வெளிய எடுங்க!"

நாத்தனார் ஓடிப்போய்ப் பிள்ளையை அள்ளிக்கொண்டு வந்தாள். வந்தவள் அண்ணியின் எதிரே அப்படியே நின்றுவிட்டாள்.

"அண்ணி... அப்ப நான் நிறைமாசமா இருந்தப்ப... நீங்க எனக்குப் பதிலாவா அங்க போய்ப் படுத்தீங்க?"

அவள் குழந்தையின் தலையைத் தடவிக்கொடுத்தாள்.

"அதனாலதான் உங்க பொண்ணைக்கூட உள்ள விடலையா? ஐயோ அண்ணி! நான் என்னென்ன பேசினேன்... என்னென்ன பேரு வெச்சேன்!" பிள்ளையோடு சேர்த்து அவளைக் கட்டிக்கொண்டு கதறினாள்.

கணவர் ஏணியின் கடைசிப் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். "ஒரு தடவை... என்கிட்ட மட்டுமாவது திரும்பச் சொல்லியிருக்கலாமே..."

"முதல் தடவை சொன்னதுக்கே ரெண்டு வருஷம் பேச்சை நிறுத்தினீங்களே" என்றாள். அதில் கோபம்கூட இல்லை, களைப்புதான் இருந்தது.

மதியத்துக்குள் மரக்காரரைத் தேடிப் பிடித்து அழைத்துவந்தார்கள். கயிறும் ரம்பமும் வந்தன. அவமானம் தாங்காத கணவர், கத்த ஆரம்பித்தார்.

"கிளை மட்டும் இல்ல, வேரோட எடுத்துடுங்க! எனக்கு இந்த மரமே வேண்டாம்!"

மாமியார் விசும்பினாள். ஆனால் மகனைத் தடுக்கவில்லை. மெல்ல நடந்து மருமகளிடம் வந்தாள். பாட்டியின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு பேத்தியும் வந்தது.

"நான் வாங்கின சத்தியம்... நானே திருப்பிக் குடுக்கறேன். இவ தலைக்கு ஒண்ணும் வராது. என்ன செய்யலாம்... நீ சொல்லும்மா."

எல்லோரும் அவளைப் பார்த்தார்கள்.  அவளுக்குப் பேசிப் பழக்கம் விட்டுப்போயிருந்தது.

"மரத்தை வெட்ட வேண்டாம்" என்றாள். "அது என்ன பண்ணிச்சு பாவம்? இந்தக் கிளையை மட்டும் துண்டு துண்டாக் கயிறு கட்டி இறக்குங்க. எதிர்ப்பக்கக் கிளைகள்லயும் கனத்தைக் கொஞ்சம் குறைச்சு விடுங்க. பொந்துல எதையும் வெச்சு அடைக்காதீங்க, காத்து போகட்டும்..."

மரக்காரர் தலையாட்டினார். "இதைத்தாம்மா நானும் சொல்ல இருந்தேன்."

"இல்ல, வேரோட..." என்று கணவர் மறுபடி வாயெடுத்தார்.

"சும்மா இருடா!" என்றாள் மாமியார். "அவ சொல்றபடியே செய்யுங்கப்பா."

ரம்பம் ஓடத் தொடங்கியது. அந்த இரைச்சலில்தான் அவள் உடைந்தாள். சுவரில் சாய்ந்து, இரண்டு வருடத்து அழுகையையும் சேர்த்து, வாய்விட்டு, ஊரே கேட்கும்படி அழுதாள். யாரும் அவளைச் சும்மா இருக்கச் சொல்லவில்லை.