மணநாளுக்கு வைத்திருந்த புல்

மேற்கு வானத்துச் செம்மை முற்றிலும் அடங்குவதற்குள்ளாகவே கீழ்வானில் நிலவு எழுந்துவிட்டபடியால், ரியோ பிராவோ நதியின் கலங்கல் நீர் ஒருபுறம் பொன்னிறமாகவும் மறுபுறம் வெண்ணிறமாகவும் ஒளிர்ந்துகொண்டிருந்தது. தென்கரையில் மெக்சிக்கப் படையின் சிறு பாசறை. அதன் தலைவன் லெயாந்த்ரோவின் தங்கை கசில்டா, இடையில் செருகியிருந்த சாவிக்கொத்தைப் பற்றியபடி, வடகரையில் இருண்டு கிடந்த தன் வீட்டையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

வாசகப் பெருமக்களே! இந்த நதிதான் எல்லை என்றது அமெரிக்கா. இல்லை, வடக்கே ஓடும் நுவேசஸ் நதியே எல்லை என்றது மெக்சிக்கோ. இரண்டு ஆறுகளுக்கும் நடுவில் குடியிருந்தவர்களை எவரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டுவிட்டா கோடு கிழிப்பார்கள்! வீட்டைப் பூட்டிக்கொண்டு ஆற்றைக் கடந்து வந்தவர்களில் கசில்டாவும் ஒருத்தி.

"இவ்வளவு குறைந்த காவல் போதுமா, அண்ணா?" என்றாள் அவள்.

"அஞ்சாதே, கசில்டா. இந்தத் துறையின் வழி நம் குடும்பத்தாருக்கு மட்டுமே தெரியும். கொஞ்சம் பிசகினாலும் சுழல் இழுத்துக்கொள்ளும். பகைவர் இங்கே கடக்க முடியாது என்று தளபதியிடம் என் தலையையே பணயம் வைத்திருக்கிறேன்."

கசில்டாவின் நெஞ்சு திடுக்கிட்டது, காரணம் காதல்தான். அவர்கள் குலத்தில் ஒரு வழக்கம் உண்டு. மருமகனாக வரப்போகிறவனை மணப்பெண்ணே கைபிடித்து நிலத்தின் எல்லையைச் சுற்றி நடத்திக் காட்ட வேண்டும். மணநாளன்று அவன் அந்த மண்ணில் ஒரு பிடி புல்லைப் பிடுங்கினால் நிலம் அவனுடையதாகும். அவர்களுடைய நிலமோ ஆற்றின் இரு கரையிலும் பரந்தது. குதிரை வணிகன் மத்தேயோவை அவள், அண்ணனுக்குத் தெரியாமல், நீருக்குள்ளும் கைபிடித்து நடத்திச் சென்றிருந்தாள். போர் மூண்டபின் அவனைப் பற்றி ஒரு தகவலும் இல்லை.

அப்போது எதிர்க்கரையில் ஒரு குதிரை நீரில் இறங்கியது. காவலர் துப்பாக்கிகளை உயர்த்தினார்கள். குதிரை வீரனோ நடுப்பாறைவரை சாய்வாக வந்து, அங்கிருந்து சட்டென்று இடப்பக்கம் திரும்பினான். அந்தத் திருப்பத்தை அறிந்தவன் அவள் வீட்டாரைத் தவிர இன்னும் ஒருவன்தான்.

"சுடாதீர்கள்! அவர் எனக்கு நிச்சயிக்கப்பட்டவர்!" என்று கூவினாள் கசில்டா.

லெயாந்த்ரோ கையமர்த்தினான். துப்பாக்கிகள் தாழ்ந்தன. அந்தக் கணத்தில் மத்தேயோவின் பின்னால், அவன் வந்த தடத்திலேயே, நீல உடை அணிந்த அமெரிக்கப் படை இருளிலிருந்து வரிசையாக வெளிப்பட்டது.

அதைப் போர் என்று சொல்ல எனக்கு நா எழவில்லை. காவலர் மீண்டும் குறி வைப்பதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. மார்பில் குண்டு பாய்ந்து லெயாந்த்ரோ கரையில் குப்புற விழுந்தான். "யார் வழி காட்டியது?" என்று மட்டும் கேட்டான். கசில்டா பதில் சொல்லுமுன் அவன் உயிர் பிரிந்தது.

நீல உடையில் மத்தேயோ அவள்முன் வந்து தலை தாழ்த்தினான்.

"தேவி, என் பெயரைத் தங்களிடம் மறைத்தேன். நான் அமெரிக்கப் படையின் கேப்டன் ஹார்லண்ட். ஆனால் என் அன்பு பொய்யன்று. தாங்கள் நாளையே வீடு திரும்பலாம். தங்கள் நிலத்தை எவரும் தொடாதபடி நான் காப்பேன்."

அந்த அன்பு உண்மையாகவே இருக்கலாம். அதனால் யாருக்கு என்ன பயன்?

கசில்டா மண்டியிட்டாள். அண்ணனின் மூடிய கைக்குள், சாகும் வேதனையில் அவன் வேரோடு பிடுங்கிய புல் இருந்தது. விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து அதை எடுத்து ஹார்லண்டின் கையில் வைத்தாள்.

"மணநாளுக்கென்று வைத்திருந்த புல், ஐயா. எங்கள் வழக்கம் நிறைவேறியது. நிலம் இனித் தங்களுடையது. என் அண்ணனின் இரத்தத்தின்மீது ஆணை, என் உயிர் உள்ளவரை நான் இந்த ஆற்றைக் கடக்க மாட்டேன்."

சாவிக்கொத்தை எடுத்துச் சுழலில் வீசினாள். அதற்கு அவசியமே இருக்கவில்லை. வடகரையில் யாரோ ஏற்கெனவே கதவை உடைத்து, அவள் வீட்டில் விளக்கேற்றியிருந்தார்கள்.