இட்லித் தட்டில் ஒரு ஸ்குரூ

காலை ஏழு மணிக்கே அந்த வீட்டில் சண்டை ஆரம்பித்துவிட்டது. காரணம், இட்லித் தட்டு.

நான்கு தட்டும் கூடத்து மேசையில் வரிசையாக இருந்தன. குழிக்கு ஒன்றிரண்டாகப் பொடிப்பொடி ஸ்குரூக்கள். நடுவே, அடிமூடி கழற்றிய ஒரு பழைய லேப்டாப். மூக்குக்கண்ணாடி நழுவ நழுவ அதன் மேல் குனிந்திருந்தாள் தெய்வநாயகி.

"ஏம்புள்ள, இன்னைக்கு ஸ்குரூவத்தான் அவிச்சு வெக்கப் போறயா?" என்றார் கணவர் சென்னிமலை. "தம்பி கல்யாணப் பத்திரிக்கையோட வாரான்... நீ கடை பரப்பீட்டு உக்காந்திருக்கற!"

"தொடாதீங்க! குழி மாறுச்சுன்னா எது எந்த ஓட்டைக்குன்னு தெரியாமப் போயிரும். உள்ள இருக்கற ஃபேன் கத்துது, தொடச்சுட்டு மூடிர்றேன். தோசை ஊத்தித் தாரேன், பேசாம இருங்க."

அவருக்குப் பசியை விடப் பயம்தான் பெரிது. "அதை அவங்கிட்டக் குடுக்காத புள்ள... எங்கிருந்து வந்துச்சுன்னு கேப்பானே!"

"வாங்குன ஆளுகிட்டயே திருப்பி வாங்கீட்டம்னு சொல்லிக்கறேன். உங்க பேரு வராதுங்க... இத்தன வருசத்துல ஒரு நாளாச்சும் வந்துச்சா?"

சென்னிமலை தலை குனிந்துகொண்டார்.

மாமியார் கண்ணை மூடியபோது கொழுந்தன் கௌசிக் மூன்றாம் வகுப்பு. மாமனார் அதற்கும் முன்பே போய்விட்டார். கல்யாணமாகி ஒரு வருடம்கூட ஆகாத தெய்வநாயகிதான் அவனுக்குத் தலை சீவினாள், சோறு ஊட்டினாள், காய்ச்சலுக்கு மடியில் போட்டுக்கொண்டு விழித்திருந்தாள். "அண்ணி, அண்ணி" என்று முந்தானையைப் பிடித்துக்கொண்டே அவன் வளர்ந்தான். பிளஸ் டூவில் அரசாங்க லேப்டாப் கொடுத்தார்கள். பெட்டியோடு ஓடிவந்து அவள் மடியில்தான் வைத்தான். "மொதல்ல நீங்க தொறங்க அண்ணி!" அவள் ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு திறந்தாள். அந்த வெளிச்சம் முகத்தில் விழுந்த நிமிடத்தை அவள் இன்றுவரை மறக்கவில்லை.

அரையாண்டில் அவனுக்கு மார்க் குறைந்தது. எட்டு மாதம் போர்வெல் ரிக் வண்டியோடு வடக்கே சுற்றிவிட்டு வந்த சென்னிமலை மார்க் சீட்டைப் பார்த்தார். கௌசிக் டியூசனுக்குப் போயிருந்த நேரம். ஒரே வீச்சு... லேப்டாப் துவைக்கிற கல்லில் போய் விழுந்தது! அடுத்த நிமிடம் அந்த மனிதரே கல்லுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து குழந்தை மாதிரி அழுதார். "அவன் இனி என்ற மூஞ்சியிலயே முழிக்க மாட்டான் புள்ள..."

அப்பா அம்மா இல்லாத பையனுக்கு அண்ணனும் இல்லாமல் போய்விட்டால்? சாயங்காலம் அவன் தேடியபோது, "நாந்தேன் வித்துப்போட்டேன் சாமி" என்று சொல்லிவிட்டாள் தெய்வநாயகி. அந்த வாரம்தான் அவளுடைய அப்பா வாங்கிக் கொடுத்த புதுத் தோடு அவள் காதில் ஏறியிருந்தது. கௌசிக் அந்தத் தோட்டையே பார்த்தான். ஒரு வார்த்தை கேட்கவில்லை. அன்றோடு 'அண்ணி' என்ற சொல் அவன் வாயிலிருந்து போனது. தோடும் பெட்டிக்குள் போனது. காலேஜ், பெங்களூரில் வேலை என்று அவன் தள்ளிப்போய்ப் பதிமூன்று வருடம். பொங்கலுக்கு வருவான், சாப்பிடுவான், போய்விடுவான்.

உடைந்ததைத் தூக்கி எறிய அவளுக்கு மனம் வரவில்லை. அவனுடைய பழைய யூனிபார்ம் சட்டையில் சுற்றி, வேப்பிலை போட்டுப் பரண்மேல் வைத்தாள். வருடா வருடம் துவரம் பருப்பு காயப்போடும்போது இதையும் மொட்டை மாடி வெயிலில் வைத்து எடுப்பாள். பூச்சி அரிக்கக் கூடாதே!

மகள் ஹாஸ்டலுக்குப் போய் வீடு வெறிச்சென்று ஆன பிறகு, மதியத்தில் சீரியலை விட்டுவிட்டுப் போனில் ரிப்பேர் வீடியோ பார்க்க ஆரம்பித்தாள். ஒருநாள் துணிந்து ஸ்குரூ டிரைவரை எடுத்தாள். பேட்டரி பூரி மாதிரி உப்பியிருந்தது. வெயிலில் வைக்கவே கூடாதாம்! தலையில் அடித்துக்கொண்டாள். ஈரோட்டில் பழைய சாமான் கடை கடையாக ஏறி, வேறு பேட்டரியையும், கேமராவோடு அதே அளவுத் திரையையும் தேடிப் பிடித்தாள். மெமரி கூட்டினாள். ஹார்ட் டிஸ்க்கை எடுத்துவிட்டு வேகமான எஸ்.எஸ்.டி. போட்டாள். விண்டோஸ் திணறியதால் லேசான லினக்ஸை ஏற்றினாள். வைஃபை செத்திருந்தது, அதற்கு நகத்தளவில் ஒரு யூ.எஸ்.பி. துண்டு. மூன்று முறை கறுப்புத் திரைதான் வந்தது. நான்காம் முறை வெளிச்சம் வந்தபோது அடுப்பில் பால் பொங்கி வழிந்தது, அவள் எழுந்திருக்கவே இல்லை.

வாசலில் கார் சத்தம் கேட்டது. அவசர அவசரமாக மூடியைப் பொருத்தி, பழையபடி அதே துணியில் சுற்றினாள்.

கௌசிக் தட்டில் வெற்றிலை பாக்கோடு பத்திரிகையை வைத்து நீட்டினான், அண்ணனிடம்தான். "அண்ணா, மேடையில அம்மா எடத்துல பள்ளிபாளையத்துப் பெரியம்மா நிக்கறாங்க. நீங்களும்... அவங்களும் முந்துன நாளே வந்துருங்க."

அவங்களும்! எட்டு வயதுப் பிள்ளைக்குத் தலை சீவும்போதே, இவன் கல்யாணத்தில் அம்மாவாக நிற்கப் போவது நாம்தான் என்று நினைத்திருந்தவள் அவள். துணிப்பொதியை அவன் முன்னால் வைத்தாள்.

"கல்யாணத்துக்கு என்னால முடிஞ்சது சாமி... வாங்குன ஆளுகிட்டயே திருப்பி வாங்கி, ரிப்பேர் பண்ணி வெச்சேன்."

அவன் பிரித்தான். பொத்தானை அழுத்தியதும் திரை பளிச்சென்று வந்தது. "யாரு பண்ணுனது?"

"நாந்தேன்."

நம்ப முடியாமல் அவளைப் பார்த்தான். பிறகு, எம்சீல் வைத்து அடைத்திருந்த மூலையைத் தடவினான். கடைசியில் அவன் கண், அதைச் சுற்றியிருந்த துணியில் நின்றது.

"இது என்ற யூனிபார்ம் சட்டை. லேப்டாப்ப வித்தப்ப என்ற சட்டையையும் சேத்தியா வித்தீங்க?"

அவள் அவசரமாகச் சட்டையை இழுத்து மடியில் போட்டுக்கொண்டாள்.

"அப்ப விக்கவே இல்ல... இங்கயே ஒளிச்சு வெச்சுட்டு... ஏனுங்க, நா அப்படி என்ன பாவம் பண்ணுனேன்? இன்னைக்குக்கூடப் பொய்யா?"

அவளுக்குக் கண்ணீர் வழிந்தது. பார்த்துக்கொண்டிருந்த சென்னிமலைக்கு அதற்கு மேல் பொறுக்கவில்லை.

"நிறுத்துடா!" என்று எழுந்தார். "அவளை ஒண்ணுஞ் சொல்லாத... ஒடச்சது நானு. தொவைக்கற கல்லுல வீசுனது நானு! நீ என்னைய வெறுத்துருவயோன்னு பயந்து அழுதேன். அவ எம்பட பழிய எடுத்துத் தன்ற தலையில போட்டுக்கிட்டா. பதிமூணு வருசம்... நா ஆம்பளையாட்ட வாய் மூடிக்கிட்டு இருந்தேன்டா, கௌசிக்கு!"

கௌசிக் லேப்டாப்பைத் திருப்பினான். அடிமூடியில் ஒரு ஓட்டை காலியாக இருந்தது. மேசையைப் பார்த்தான். இட்லித் தட்டின் ஒரு குழியில் ஒற்றை ஸ்குரூ மிச்சம். எடுத்துத் தானே முறுக்கினான்.

"ஒண்ண மறந்துட்டீங்க..." என்றவன் தேம்பினான். "அண்ணி!"

அவள் அவன் தலையை இழுத்து வயிற்றோடு அணைத்துக்கொண்டாள். முப்பது வயது ஆண்பிள்ளை எட்டு வயதுப் பையன் போல அழுதான். "என்னைய அடிங்க அண்ணி... அந்தத் தோட்டப் பாத்து நா என்னென்னமோ நெனச்சுட்டேனே!"

"உடு சாமி... அழுவாத. நீ கூப்புட்டயே, எனக்கு அது போதும்."

"போதாதுங்க!" முகத்தைத் துடைத்துக்கொண்டு, அதே லேப்டாப்பில் பள்ளிபாளையத்துக்கு வீடியோ கால் போட்டான். படம் விட்டு விட்டு வந்தது. பெரியம்மா பொன்னாயி போனைக் காதில் வைத்துக்கொண்டதால் திரை முழுக்க ஒரு காதுதான் தெரிந்தது.

"பெரியம்மா, நீங்க முன்னாடி சேர்ல உக்காந்து பாருங்க. அம்மா எடத்துல எங்க அண்ணி நிக்கறாங்க."

"அதைச் சொல்ல உனக்கு இத்தன நாளாச்சாடா?" என்றது அந்தக் காது.

கௌசிக் சிரித்துக்கொண்டே திரும்பினான். "அந்தத் தோட்டப் போட்டுக்கிட்டுத்தான் நிக்கோணும் அண்ணி. எங்க அது?"

தெய்வநாயகி உள்ளே போய்ப் பெட்டியைத் திறந்தாள். திரும்பி வந்து மேசை முன்னால் உட்கார்ந்தாள். திரையின் ஓரத்தில் சின்னக் கட்டத்தில் அவள் முகம் தெரிந்தது. அதையே கண்ணாடியாகப் பார்த்துக்கொண்டு, ஒவ்வொரு தோடாகக் காதில் மாட்டினாள்.