பாரச்சாலையில் பந்தயம் கூடாது

பிரமநாயகம் காலையில் வீட்டை விட்டுப் புறப்படும்போது இருபத்தெட்டு கிலோ இருந்தார். அலுவலகத்துக்குப் பாதி வழி போவதற்குள் நாற்பது கிலோ ஆகிவிட்டார். வாசலில் சைக்கிளை நிறுத்தி இறங்கியதும் மறுபடி இருபத்தெட்டு. சுழலூரில் இது அதிசயமே இல்லை. எடை அங்கே வெயில் மாதிரி. கூடும், குறையும். அதற்காக யாரும் டாக்டரிடம் ஓடுவதில்லை.

சுழலூர் என்பது பூமிக்கும் நிலாவுக்கும் நடுவில் மிதந்துகொண்டிருக்கும் ஒரு ராட்சதச் சக்கரம். குலசேகரன்பட்டினத்தில் ராக்கெட் ஏறி வந்த நாலாயிரம் பேர், பெரும்பாலும் தூத்துக்குடி, திருநெல்வேலிப் பக்கத்துச் சனங்கள், அந்தச் சக்கரத்தின் உள்விளிம்பில் குடியிருந்தார்கள். சக்கரம் சுற்றும் வேகம்தான் அவர்களைத் தரையோடு அழுத்திப் பிடித்திருந்தது. அதுவும் பூமியின் அழுத்தத்தில் பாதிகூட இல்லை. ஊரைச் சுற்றி மூன்று கிலோமீட்டருக்கு அடுத்தடுத்து இரண்டு ஒருவழிச் சாலைகள். சக்கரம் சுற்றும் திசையிலேயே சைக்கிள் மிதித்தால் நம் வேகமும் அதோடு சேர்ந்து உடம்பு கனக்கும். அது பாரச்சாலை. எதிர்த் திசையில் மிதித்தால் உடம்பு பஞ்சாகிவிடும். அது லேசுச்சாலை.

வட்டமான ஊரில் எந்த இடத்துக்கும் இரண்டு பக்கமாகவும் போகலாம். இப்படி ஒரு வசதியைக் கொடுத்தால் மனிதன் எதைத் தேர்ந்தெடுப்பான்? பக்கத்துத் தெருவுக்குப் போகிறவர்கூட லேசுச்சாலையில் ஊரையே ஒரு சுற்றுச் சுற்றிக்கொண்டுதான் போனார். பாரச்சாலை புது மணப்பெண் கோலம்போலத் துளி அழுக்கில்லாமல் கிடந்தது.

இதில் ஒரு பெரிய சங்கடம். எடையைச் சுமக்காத எலும்பு கரையும். கரைந்த எலும்போடு பூமியில் போய் இறங்கினால் முதல் படியிலேயே இடுப்பு முறியும். அதனால் ஒவ்வொருவருக்கும் மாதாமாதம் ‘எலும்பெண்’ எடுப்பார்கள். எழுபதுக்குக் கீழே இருந்தால் பூமிக்குப் போகும் கப்பலில் ஏற அனுமதி கிடையாது. ஊரின் சராசரி அப்போது அறுபத்தொன்று. எலும்பு நலப் பிரிவின் உதவி அலுவலரான பிரமநாயகம், தன் நாற்பத்தாறு வயதில் பத்து வருடத்தை ‘பாரச்சாலையில் செல்வீர், எலும்பைக் காப்பீர்’ என்று அறிக்கை விட்டே கழித்திருந்தார். அதைப் படித்துப் பாரச்சாலைக்கு வந்தவர் ஒரே ஒருவர்தான். அவரும் அறிக்கையை எழுதிய பிரமநாயகம்தான்.

ஒரு நாள் அந்த வெறிச்சோடிய சாலையில் அவருக்குப் பின்னால் மணிச்சத்தம் கேட்டது. திரும்பிப் பார்ப்பதற்குள் ஒரு பெண்மணி பின்கூடையில் கத்தரி நாற்றுத் தட்டுகளோடு அவரைக் கடந்து போனாள். கடக்கும்போது முகத்தைக்கூடத் திருப்பவில்லை. கடலில் பாய்மரத்தைப் பார்க்கிற மாதிரி எங்கோ தூரத்தில் கண்ணை வைத்துக்கொண்டு, ஒரு முந்தலும் நடக்காதது போலப் போனாள்.

பிரமநாயகத்துக்கு உள்ளே எதுவோ சுருக்கென்றது. அரசாங்க ஊழியர், கௌரவமான மனிதர், தொந்தி வேறு இருக்கிறது. ஆனாலும் எழுந்து நின்று மிதித்தார். மூச்சு வாங்க அவளைத் தாண்டும்போது அவரும் மேலே தெரிந்த கண்ணாடிக் கூரையில் ஏதோ பழுது பார்ப்பவர்போல முகத்தை வைத்துக்கொண்டார்.

அவள் பெயர் மரியபுஷ்பம். உவரிக்காரி. ஐம்பத்து மூன்று வயது. நாற்றுப் பண்ணையில் வேலை. லேசுச்சாலையில் போனால் தட்டிலிருக்கும் மண்ணெல்லாம் எழும்பிப் பறக்கிறது என்பதால்தான் பாரச்சாலைக்கு வந்தாள்.

அன்றிலிருந்து தினமும் காலையில் அது நடந்தது. அதற்கு எழுதாத சட்டங்களும் உண்டாயின. போட்டி என்று வாய் தவறியும் சொல்லக் கூடாது. முந்துகிறவர் எதையாவது வேடிக்கை பார்க்க வேண்டும். தோற்கிறவர் இறங்கிச் செயினைத் தடவிப் பார்க்க வேண்டும்.

“செயின் கழண்டுட்டோ தம்பி?” என்பாள் மரியபுஷ்பம், பண்ணை வாசலில் நின்றுகொண்டு.

“ஆமாக்கா, ரெண்டு நாளாவே லூசா இருக்கு.”

“எண்ணெ போடுங்க. பாவம், அவசரமா ஆபீசுக்குப் போறவிய.”

மறுநாள் அவர் ஜெயித்தால், அவள் நாற்றுக்குத் தண்ணீர் தெளிக்க வழியில் நின்றதாகச் சொல்வாள். செயினுக்கு ஒரு கோளாறும் இல்லை, நாற்றுக்குத் தண்ணீரும் தேவையில்லை என்பது இருவருக்கும் தெரியும். பிரமநாயகம் பத்து வருடத்தில் முதல் தடவையாகக் காலை விடிவதற்காக ஆசையோடு காத்திருந்தார்.

அவள் ஏன் இப்படி உயிரைக் கொடுத்து மிதிக்கிறாள் என்பது மூன்றாவது மாதம்தான் தெரிந்தது. எலும்பெண் பட்டியல் அவர் மேசைக்கு வந்தது. மரியபுஷ்பம்: போட்டி தொடங்குவதற்கு முன் அறுபத்திரண்டு. இப்போது அறுபத்தைந்து. கீழே ஒரு விண்ணப்பம். தை மாதம் தூத்துக்குடியில் மகள் ஸ்டெல்லாவுக்குக் கல்யாணம், மார்கழிக் கப்பலில் இடம் வேண்டும். அதன்மேல் சிவப்பு மையில் ‘எண் போதாது’.

பிரமநாயகம் அதைப் பற்றி அவளிடம் ஒன்றும் கேட்கவில்லை. மறுநாள் இன்னும் வேகமாக மிதித்தார், அவ்வளவுதான். அவள் இன்னும் வேகமாகத் துரத்தினாள். ஏழாவது மாதம் அவளுடைய எண் அறுபத்தெட்டு.

அங்கேதான் நுணல் தன் வாயால் கெட்டது. பிரிவின் இயக்குநர் வில்வநாதன் கூப்பிட்டனுப்பினார்.

“என்ன வே இது? ஊர்ல எல்லாருக்கும் எலும்பு எறங்கிட்டு இருக்கு. உமக்கும் இந்த மரியபுஷ்பத்துக்கும் மட்டும் ஏறிட்டே போகுது. மருந்து எதும் சாப்பிடுதீரா?”

பொய் சொல்லத் தெரியாத பிரமநாயகம் நடந்ததைச் சொன்னார். அதோடு விட்டிருக்கலாம். சொன்னதை எழுத்தில் கொடுக்கச் சொன்னபோது, மூன்று பக்கத்தில் அழகாக எழுதியும் கொடுத்தார்.

வில்வநாதன் நல்ல மனிதர். ஆனால் எந்த நல்லதைக் கண்டாலும் அதைத் திட்டமாக்காமல் அவரால் தூங்க முடியாது. பத்தே நாளில் ‘நட்புறவு மிதிவண்டிப் பந்தயத் திட்டம்’ பிறந்துவிட்டது. பாரச்சாலையில் தோரணம் கட்டினார்கள். ஆளுக்கொரு எண் துணியில் அச்சடித்து மார்பில் குத்திவிட்டார்கள். புறப்படும் முன் எல்லாரும் வலது கையை நீட்டி ‘நட்புறவோடு போட்டியிடுவேன்’ என்று உறுதிமொழி எடுக்க வேண்டும். வேகத்தை அளக்க ஒரு நடுவர்பொறி நின்றது. முந்தினால் அது ‘வாழ்த்துகள்’ என்று சொல்லிக் காகிதப்பூ தூவும். தோற்றால் ‘முயற்சி திருவினையாக்கும்’ என்று எல்லாருக்கும் கேட்கிற மாதிரி ஒலிபெருக்கியில் சொல்லும்.

முதல் நாள் ஆயிரம் பேர் வந்தார்கள். உளுந்தவடையும் காப்பியும் கொடுத்தார்கள். இரண்டாம் நாள் வடை இல்லை, நாற்பது பேர். ஒரு வாரத்தில் மார்பில் எண் குத்திக்கொண்டு பிரமநாயகம் மட்டும் தன்னந்தனியாக உறுதிமொழி எடுத்துக்கொண்டிருந்தார்.

மரியபுஷ்பம் பந்தயத்துக்கு வரவே இல்லை. அவள் நாற்றுத் தட்டுகளுக்கு மூடி செய்து போட்டுக்கொண்டு லேசுச்சாலைக்கு மாறிவிட்டாள். பிரமநாயகம் பண்ணைக்கே தேடிப் போனார்.

“என்னக்கா, ஆளையே காணோம்?”

“வேலை தம்பி.” நிமிராமல் களை பிடுங்கிக்கொண்டிருந்தாள்.

“காலைல பந்தயத்துக்கு...”

“பந்தயமா? எனக்கும் பந்தயத்துக்கும் என்ன தம்பி சம்பந்தம்? நான் என் பாட்டுக்கு நாத்து கொண்டுபோனேன். நீங்க உங்க பாட்டுக்கு ஆபீசுக்குப் போனிய. அதப் போயி மூணு பக்கத்துக்கு எழுதிக் குடுத்திருக்கிய. பொம்பளை ரேஸு விடுதான்னு ஊரே சிரிக்கு. விசில் ஊதிக் கூப்பிட்டு ஓடவிட நான் என்ன சர்க்கஸ் குதிரையா?”

“உங்க எலும்பெண்ணுக்காவது...”

அவள் கை நின்றது. “அதையும் பாத்திட்டியளா?” என்றாள். குரல் இறங்கிவிட்டது. “எனக்கு மட்டும் ஆசை இல்லையா தம்பி? ரெண்டு நாள் சாயங்காலம் தனியா வந்து மிதிச்சுப் பாத்தேன். முடியல. கால் ஓட மாட்டேங்கு. முந்த ஆளே இல்லாம அந்தப் பொறி வாழ்த்துகள்னு சொன்னதும் அழுகையா வந்துட்டு. ஸ்டெல்லாவுக்கு அப்பாவும் இல்ல. பிள்ளைய யாரு கையப் பிடிச்சிக் குடுப்பா?”

பிரமநாயகம் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்தே திரும்பினார். ஒரு தாயின் பயணத்தைத் தன் பேனாவால் கெடுத்துவிட்டோம் என்ற உறுத்தல் ஒரு பக்கம். இன்னொரு பக்கம், அதைச் சொல்ல அவருக்கே வெட்கமாக இருந்தது, பின்னால் அந்த மணிச்சத்தம் இல்லாத காலை அவருக்குப் பிடிக்கவில்லை. அடுத்த மாதப் பட்டியலில் அவள் எண் அறுபத்தாறு. கப்பலுக்கு இன்னும் மூன்று மாதம்.

மூன்று நாள் யோசித்துவிட்டு வில்வநாதனிடம் போனார். “சார், திட்டத்த நிறுத்திரலாம்.”

“தோத்துப்போச்சுன்னா எழுதச் சொல்லுதீரு? மேலிடத்துல என்னைய வறுத்திருவான்.”

“தோத்துதுன்னு ஏன் சார் எழுதணும்? பாரச்சாலையில வேகம் கூடினா கீழ விழுந்து அடிபட வாய்ப்பு உண்டு. ஆகவே பொதுமக்கள் பாதுகாப்பு கருதி பந்தயத்துக்குத் தடை விதிக்கிறோம்னு எழுதுவோம். பொறுப்பான அதிகாரின்னு பேரு வரும்.”

வில்வநாதன் முகம் மலர்ந்தது. தன் பணிக்காலத்தில் அவ்வளவு சந்தோஷமாக அவர் எந்தக் கோப்பிலும் கையெழுத்துப் போட்டதில்லை. தோரணம் இறங்கியது. நடுவர்பொறிக்குச் சக்கரம் மாட்டி, காக்கி நிறம் பூசிக் காவல்பொறியாக்கினார்கள். பாரச்சாலையின் தொடக்கத்தில் மஞ்சள் பலகை ஒன்று முளைத்தது:

‘பாரச்சாலையில் மிதிவண்டிப் பந்தயம் கூடாது. மீறுவோர் மீது நடவடிக்கை எடுக்கப்படும்.’

மறுநாள் காலை பிரமநாயகம் வேண்டுமென்றே மெதுவாக மிதித்துக்கொண்டு போனார். லேசுச்சாலை பிரியும் இடத்தில் மரியபுஷ்பம் நின்று பலகையைப் படித்துக்கொண்டிருந்தாள். இடுப்பில் கைவைத்து, இரண்டு தடவை படித்தாள்.

“இதென்ன தம்பி அநியாயமா இருக்கு? ரோட்டுல சைக்கிள் விடக் கூடாதுங்கானா?”

“சைக்கிள் விடலாம்க்கா. ஒருத்தர ஒருத்தர் முந்தக் கூடாது.”

“முந்துனா?”

“நடவடிக்கை எடுப்பாங்க.”

“என்னத்த எடுப்பான்?”

அவள் பின்பக்கம் பார்த்தாள், முன்பக்கம் பார்த்தாள். காவல்பொறி வளைவுக்கு அந்தப் பக்கம் நின்றிருந்தது. நாற்றுத் தட்டின் மூடியைக் கழற்றி ஓரமாக வைத்தாள். கண்ணைத் தூரத்தில் எங்கேயோ நட்டுக்கொண்டாள். பிரமநாயகம் பெடலில் கால் வைப்பதற்குள் மணி ஒலித்தது, அவள் போய்விட்டாள். காவல்பொறி ‘மெதுவாகச் செல்லவும்’ என்று அலறிக்கொண்டு இருவரையும் துரத்த, பிரமநாயகம் அன்று சுழலூருக்கு வந்த நாளிலிருந்து அதிகபட்சமாக நாற்பத்திரண்டு கிலோவைத் தொட்டார். தோற்றும்போனார். பண்ணை வாசலில் அவர் இறங்கிச் செயினைத் தடவியபோது கண் கலங்கியிருந்ததை அவள் பார்த்திருக்க மாட்டாள் என்று நம்புவோம்.

அந்த வாரக் கடைசியில் பாரச்சாலையில் அறுபது பேர். ‘அப்படி என்னதான் இருக்கிறது அங்கே’ என்று பார்க்க வந்தவர்கள். அடுத்த வாரம் நானூறு. காவல்பொறி ஒன்று போதாமல் ஐந்தாக்கினார்கள். அவை துரத்த ஆரம்பித்ததும் ஆயிரத்து ஐந்நூறு பேர் ஆனார்கள். பல்மருத்துவரும் பலசரக்குக்காரரும் கண்ணாடிக் கூரையை வேடிக்கை பார்த்தபடி ஒருவரையொருவர் முந்தினார்கள். பிடிபட்டவர்கள் எல்லாரும் ‘செயின் கழண்டுட்டு’ என்றே சொன்னார்கள். ஒரு நாள் தலைக்கவசத்தால் முகத்தை மூடிய ஒருவர் பிரமநாயகத்தைத் தாண்டிப் போனார். தோள்பட்டையைப் பார்த்தால் இயக்குநர் வில்வநாதன் மாதிரியே இருந்தது. பிரமநாயகம் மரியாதை கருதி அடையாளம் கண்டுகொள்ளவில்லை.

மார்கழியில் எலும்பெண் எடுத்தார்கள். ஊரின் சராசரி அறுபத்து நான்கு. மரியபுஷ்பம் எழுபது புள்ளி நான்கு.

கப்பலேறும் அன்று வழியனுப்பப் போனவரின் கையை அவள் பிடித்துக்கொண்டாள். “மூணு பக்கத்துக்கு எழுதினியளே, அத மன்னிச்சுட்டேன் தம்பி” என்றாள். “நான் வாரதுக்குள்ள செயின நல்லா மாட்டி வைங்க.”

அவள் போய் ஒரு வாரத்தில் பூமித் தலைமையகத்தின் ஆய்வுப்பொறியிடமிருந்து கடிதம் வந்தது. மனித குலத்தின் அறிவையெல்லாம் உள்ளடக்கிய பொறி அது. அதற்கும் விளங்கவில்லை. ‘செய்யும்படி பத்து ஆண்டுகள் கூறியபோது மக்கள் செய்யவில்லை. பரிசளித்தபோதும் செய்யவில்லை. தடை செய்தபின் அனைவரும் செய்திருக்கிறார்கள். இது அளவுக்கருவியின் கோளாறு எனக் கருதுகிறோம். மறுப்பதானால் எந்த ஆய்வின் அடிப்படையில் தடை விதிக்கப்பட்டது என்பதற்கு ஆதாரம் அனுப்புக.’

வில்வநாதன் கடிதத்தைப் பிரமநாயகத்தின் பக்கம் தள்ளினார். “எழுதிக் குடுக்கதுதான் உமக்குக் கைவந்த கலையாச்சே. எழுதும் வே.”

பிரமநாயகம் இந்தத் தடவை ஒரு வரிகூட எழுதவில்லை. தூத்துக்குடிக்கு ஒரு செய்தி அனுப்பினார்: ‘அக்கா, கல்யாண வேலைக்கு நடுவில் ஒரு உதவி. உங்கள் தெருவில் ஏதாவது ஒரு பெரிய காம்பவுண்டுச் சுவரைப் படம் எடுத்து அனுப்ப முடியுமா?’

இரண்டு நாளில் படம் வந்தது. நீளமான வெள்ளைச் சுவர். அதன் நடுவே கறுப்புப் பெயிண்டில் ஆளுயர எழுத்து: ‘இங்கே சுவரொட்டி ஒட்டாதீர். மீறினால்...’

மீறினால் என்ன என்பது தெரியவில்லை. அதன்மேல் பசை ஈரம் காயாமல் ஒரு பெரிய சுவரொட்டி. மாலையோடு ஸ்டெல்லாவும் மாப்பிள்ளையும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். மேல் மூலையில் மரியபுஷ்பம் இரு கையும் கூப்பி நின்றாள். ‘மகளின் திருமணத்திற்காக விண்ணிலிருந்து வருகை தந்துள்ள அன்னையே, வருக வருக!’

கூடவே அவள் குரல்: “இங்க சும்மா நின்னாலே பாரச்சாலைதான் தம்பி. ஆனா இடுப்பு தாங்குது. சுவரு நல்லா தெரியுதா? பக்கத்துல காலிச் சுவரு ரெண்டு கெடந்துச்சு. அதுல ஒட்டுனா எவன் பாப்பான்? அதான் இதுல ஒட்டச் சொன்னேன்.”

பிரமநாயகம் அந்தப் படத்தைக் கோப்பில் வைத்து, கீழே ‘ஆதாரம் இணைக்கப்பட்டுள்ளது’ என்று எழுதித் தலைமையகத்துக்கு அனுப்பினார்.