நெல்லறையின் ஈரத்தரை

வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் பண்ணிப் பார் என்று சொல்லிவைத்தவர்கள், வீட்டை விற்றுப் பார் என்றும் ஒரு வரி சேர்த்திருக்கலாம். நான்கு நாள் வேலையில் ஓமனாவின் இடுப்பு ஒடிந்துவிட்டது. சுவருக்கு வெள்ளையடித்து, கதவுகளுக்கு எண்ணெய் போட்டு, பாறசாலைக்குப் பக்கத்தில் இருந்த அந்தப் பழைய வீட்டைக் கல்யாணப்பெண் மாதிரி ஆக்கி வைத்திருந்தாள். காட்டாக்கடை மிளகு வியாபாரி கனகதாஸ் மதியத்துக்கு மேல் வீடு பார்க்க வருகிறார். அவரும் வேண்டாமென்றால், இந்தக் கலவர நாளில் வேறு யாரும் வரப்போவதில்லை.

நெல்லறையின் தரை மட்டும் அடங்கவில்லை. காலையில் சாணியும் தேங்காய்ச் சிரட்டைக்கரியும் குழைத்து மெழுகினாள். உச்சிக்குள் வெடித்துவிட்டது. வெடிப்பு ஓர் ஆள் நீளத்துக்கு இருந்தது.

அதன் கீழே, அவளை மைனி என்று கூப்பிட்டுவந்த கொழுந்தன் சதாசிவன் கிடந்தான்.

அவன் கொழும்புக்குப் போய்விட்டதாக ஊர் நம்பிக்கொண்டிருந்தது. இரண்டு வருடத்துக்கு முன், ஆடி மாதம், எல்லைப் போராட்ட ஊர்வலத்தில் தொடையில் குண்டு பாய்ந்து, காலை இழுத்துக்கொண்டு வீடு வந்து சேர்ந்தவன், மூன்றாம் நாள் செத்துப்போனான். வழக்கப்படி வீட்டுக்குத் தெற்கே, தோட்டப் பறம்பில் சிதை மூட்டினால், அந்தப் புகையே போலீஸைக் கூட்டி வந்துவிடும்.

“இது தமிழ்நாட்டுல சேரப்போற மண்ணாக்கும் அண்ணே. சேந்த பொறவு ஊரறியச் சடங்கு செய்தாப் போதும்” என்று அவனே சொல்லிவிட்டுத்தான் கண்ணை மூடினான். அண்ணன் வேலாயுதனும் நம்பினான். ஒரு திரிகூட ஏற்றாமல் அறைக்குள்ளேயே புதைத்தார்கள். இப்போது ஐப்பசியில் எல்லைக்கோடு விழுந்துவிட்டது. விளவங்கோடு தமிழ்நாட்டுப் பக்கம் போயிற்று, இந்த வீடு இந்தப் பக்கமே நின்றுவிட்டது.

“எலும்பையாவது எடுத்துட்டுப் போவோம்” என்று ஓமனா புருஷனிடம் கெஞ்சிப் பார்த்தாள்.

“களியக்காவிளை செக்போஸ்ட்டுல பெட்டியைத் தொறந்து பாக்குதானுவ. ரெண்டுபேரும் ஜெயிலுக்குப் போணுமா? பேசாம மெழுகு பிள்ளே.”

அவளுக்கும் ஜெயில் என்றால் பயம்தான். அதைவிட, இந்த வீட்டிலேயே அவனோடு கிடந்து கிழவியாவது பெரிய பயம். வீடு கைமாறிவிட்டால் எல்லை தாண்டிக் குழித்துறைக்கு, அம்மை வீட்டுக்குப் போய் ஒரு நாளாவது நிம்மதியாகத் தூங்கலாம்.

மேற்கே இடி உருண்டது. மழை இறங்கியதும் அறை கருத்துவிட்டது. மெழுகத் தெரிந்தவள் உள் மூலையில் தொடங்கி, பின்னுக்கு நகர்ந்து, வாசலில் வந்து முடிப்பாள். ஓமனாவும் மறுபடி மெழுகிக்கொண்டு அப்படித்தான் நகர்ந்தாள். கை பழக்கத்தில் வளைந்து வளைந்து போயிற்று. முன்கட்டில் கனகதாஸின் குரல் கேட்டது.

“தெக்கே ஆரையும் அடக்கினதுண்டா?”

“தெக்கே ஆருமில்லை” என்றான் வேலாயுதன்.

ஓமனாவின் முதுகு எதிலோ இடித்தது. கதவு என்று நினைத்துத் திரும்பினாள்.

சுவர்.

வாசல், அறையின் மறுகோடியில் இருந்தது. நடுவில் முழுத்தரையும் ஈரமாக மின்னியது. அவள் மெழுகியது பாதிதான். அந்தப் பாதியில் அவள் கைவரிகள் வலப்பக்கம் வளைந்திருந்தன. மறுபாதியில் இருந்த வரிகள் இடப்பக்கம் வளைந்திருந்தன.

அந்த விரல்கள் அகலமானவை.

சாணி வாடைக்குள்ளிருந்து, புண்ணுக்கு வைத்துக் கட்டிய பச்சிலையின் வாடை எழும்பியது. கத்த வாய் திறந்தவள் முந்தானையை வாய்க்குள் திணித்துக்கொண்டாள். ஒரு சத்தம் போதும், வந்தவர் வாசலோடு திரும்பிப் போய்விடுவார்.

ஈரத்தில் உள்ளங்கை வழுக்கும் ஓசை.

ஒரு வரி. இன்னொரு வரி.

கடைசி வரி அவள் கால்விரலுக்கு ஒரு சாண் தள்ளி நின்றது.

“இங்கே இரி மைனி” என்று யாரோ கிசுகிசுத்தார்கள்.

கதவு திறந்தது. கனகதாஸ் தலையை நீட்டினார். அவளைப் பார்த்தார். அவளுக்குப் பக்கத்தில் பார்த்தார். சிரித்தார்.

“கொள்ளாம். ரெண்டு பேருமா உள்ள இருந்து மெழுகினா எப்பிடி வெளிய வருவீங்க?” என்றவர், பக்கத்தில் யாரோ பேசியதைக் கேட்பவர்போலத் தலையாட்டிவிட்டு முன்கட்டுக்குப் போனார்.

ஓமனா எழுந்து ஓடினாள். ஈரம், மெழுகல், விற்பனை எதுவும் நினைவில் இல்லை. வாசல்படி தாண்டி, சேலையெல்லாம் கரியாக, முன்கட்டில் வந்து விழுந்தாள். அங்கே வேலாயுதன் வாயெல்லாம் பல்லாக நின்றிருந்தான். அச்சாரம் கைக்கு வந்துவிட்டது.

கனகதாஸ் குடையை விரித்தார். “அப்பம் வாறேன். ஞாயிறாழ்ச நீங்க போறதுக்கு என் வண்டியையே அனுப்புதேன். வைக்கோலு கனமாட்டு விரிக்கச் சொல்லுதேன்.”

“வைக்கோலு எதுக்கு?” என்றான் வேலாயுதன்.

“உங்க தம்பிக்குத்தான். நடக்க வய்யாது, களியக்காவிளை கடக்கது வரை கிடந்துட்டே வாறேன்னு இப்பம் அந்த அறையில வச்சுச் சொன்னாரே. கொழும்புல இருந்து எப்பம் வந்தாரு?”

அவர் மழைக்குள் இறங்கிப் போனார். வேலாயுதன் கையிலிருந்த நோட்டுகள் தரையில் உதிர்ந்தன. அவன் குனியவில்லை.

இருவரும் நெல்லறைப் பக்கம் திரும்பிப் பார்த்தார்கள். ஓமனா ஓடிவந்த காலடிகள் ஈரக்கரியில் பதிந்து கிடந்தன. அவற்றை ஒட்டி, வாசல்படி தாண்டி, முன்கட்டில் அவள் விழுந்த இடம் வரைக்கும், கால் இழுபட்ட ஒரு தடம் வந்திருந்தது.