ஒன்பதாம் நம்பர் புல்வெளி

வெல்மார்ஷயர் கவுண்டியின் ஆட்டுப் புல்வெளியில் புறாக்கள் அந்தரத்தில் வரிசையாக உட்கார்ந்திருந்தன. தபால்காரர் கையை முன்னே நீட்டித் தடவியபடி நடந்தார். விரல் சுவரில் முட்டியதும் கடிதத்தைக் காற்றுக்குள் செருகினார். அங்கே பதினெட்டு வீடுகள் இருந்தன. நம்பாதவர்கள் போய்ப் பார்க்கலாம்; பார்க்க ஒன்றும் இருக்காது.

விலைமலிவு வீடுகள் கட்டக் கவுன்சில் முடிவெடுத்தபோது நானூற்றுப் பன்னிரண்டு ஆட்சேபக் கடிதங்கள் வந்தன. ஏழைகளுக்கு வீடு கூடாதென்று ஒருவர்கூட எழுதவில்லை. ஜன்னலைத் திறந்தால் தெரியக்கூடாது, அவ்வளவுதான். அப்போது எழுந்தவர் கவுன்சிலர் சபாநடேசன். முதுகில் படும் ஒளியை முன்பக்கம் கொண்டுவந்து விடுகிற மறைபூச்சு என்று ஒன்று வந்திருப்பதை அவர்தான் சொன்னார். சுவருக்குப் பூச்சு, ஜன்னலுக்கு அதே பூச்சில் தோய்த்த வலை. உள்ளேயிருந்து பார்த்தால் எல்லாம் தெரியும். வெளியேயிருந்து பார்த்தால் பின்னால் நிற்கிற ஆடுதான் தெரியும். ஒலியை அது மறைக்காது. அதை யாரும் கேட்கவுமில்லை.

விதியை எழுதியவரும் அவர்தான். 'விலைமலிவு வீடுகள்' என்று எழுதினால் படிக்க நன்றாயிராது என்று கூச்சப்பட்டு, 'பார்வையைக் கெடுக்கும் எந்தக் கட்டடமும், அயலவர் மனுச் செய்தால், பூசப்படும்' என்று நாகரிகமாக எழுதினார். எல்லோரும் கை தட்டினார்கள்.

அவருடைய மகள் வேணுகா முதியோர் இல்லத்தில் தாதி. அவளும் கணவனும் குழந்தையும் மூன்று வருடமாக அவர் வீட்டில் பெட்டிகள் அடுக்கும் சின்ன அறையில் கிடந்தார்கள். அவள் விலைமலிவு வீட்டுக்கு மனுப் போட்டாள். ஒன்பதாம் நம்பர் கிடைத்தது. அவர் தோட்டத்து வேலியிலிருந்து பத்து அடி.

ஜூன் மாதம் சபாநடேசனுக்கு அறுபத்தைந்து. கோயில் சபைக்காரரைத் தோட்டத்துக்கு அழைத்து விருந்து வைத்தார். அவர்களில் ஒருவரான ராசமலர் அன்ரி புல்வெளியைப் பார்த்தபடி கேட்டார்:

"என்ன வடிவான இடம், ஒரு வீடு வாசல் இல்லை. மகள் எங்க இப்ப?"

"லண்டனில," என்றார் சபாநடேசன். "சொந்த வீடு."

வெறும் புல்லுக்கு நடுவே யாரோ தேத்தண்ணிக் கோப்பையில் கரண்டி சுழற்றிக்கொண்டிருந்த சத்தம் நின்றது. விருந்தாளிகள் யாருக்கும் அது கேட்கவில்லை. அவருக்குக் கேட்டது. கடித்த வடையைத் தட்டில் திருப்பி வைத்தார்.

மறுநாள் மிஞ்சிய பயற்றம் பணியாரத்தை டப்பாவில் போட்டுக்கொண்டு ஒன்பதாம் நம்பருக்குப் போனார். கதவைத் தேடி மூக்கை இடித்துக்கொண்டார்.

"வாங்கோ அப்பா," என்றாள் வேணுகா. "லண்டன் வரைக்கும் நடந்தே வந்திட்டீங்கள்."

"பிள்ளை, அந்த மனிசிக்கு முன்னால... வாயில வந்திட்டுது."

"வாயில வாறதுதானே அப்பா மனசில இருக்கிறது. இருங்கோ, தேத்தண்ணி போடுறன்."

உட்கார்ந்த இடத்திலிருந்து ஜன்னல் வழியே அவருடைய வீடு தெரிந்தது. மூன்று மாடி, நான்கு வெள்ளைத் தூண்கள், வாசலில் இரண்டு சீமெந்துச் சிங்கங்கள். முப்பது வருடமாக அந்த வீட்டிலேயே இருந்ததால் அது மற்றவர்கள் கண்ணுக்கு எப்படித் தெரியும் என்று அவர் பார்த்ததேயில்லை.

"இங்க எல்லாருக்கும் விடிஞ்சா பொழுதுபட்டா இதுதான் காட்சி," என்றாள். "அதைப் பூசச் சொல்லி மனு; பதினெட்டு வீடும் கையெழுத்து வைச்சிட்டுது அப்பா. உங்கட விதிதான்."

"நீயும் வைச்சனியோ?"

அவள் சீனி போட்டுக் கலக்கினாள். "முதல் கையெழுத்தே என்னுடையதுதான்."

மனு கவுன்சிலுக்கு வந்தது. எதிர்த்துப் பேச அவருக்கு ஐந்து நிமிடம் கொடுத்தார்கள். சிங்கங்களைப் பற்றி ஏதாவது சொல்லலாமா என்று யோசித்தார். கரண்டி நின்ற சத்தம் நினைவுக்கு வந்தது. எல்லோருக்கும் முன்பாக மனுவுக்கு ஆதரவாகக் கையைத் தூக்கினார். இரண்டு நாளில் பூசி முடித்துவிட்டார்கள். சிங்கங்களுக்கும் சேர்த்து.

ஓகஸ்டில் ஒரு பிற்பகல். ராசமலர் அன்ரி கோயில் அழைப்பிதழோடு ஒழுங்கையில் நின்று வீட்டைக் காணாமல் முழித்துக்கொண்டிருந்தார். வேலை முடிந்து வேணுகா வந்தாள். சபாநடேசன் தன் வலை ஜன்னலுக்கு இந்தப் பக்கம், கையில் கோப்பையோடு, இருவரையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீர் சபாநடேசன்ர மகளெல்லோ? லண்டனில எண்டு சொன்னார்?"

"இல்லை அன்ரி. நான் இங்கதான், ஒன்பதாம் நம்பர். வாங்கோ, தேத்தண்ணி குடிச்சிட்டுப் போகலாம்."

"அப்ப அப்பா எங்க?"

வேணுகா ஜன்னல் இருந்த இடத்தை நேராகப் பார்த்தாள். அங்கே அவளுக்குத் தெரிந்தது ஒரு ஆப்பிள் மரமும் கொஞ்சம் வானமும்.

"லண்டனில," என்றாள்.

அவர் கோப்பையில் சுழற்றிக்கொண்டிருந்த கரண்டியை நிறுத்தினார். அது அவளுக்குக் கேட்டிருக்கும்.