கோரத்துக்கு ஒருத்தர் குறைவு

மாலை நான்கு மணிக்குச் செயலாளர் அந்த வளைவுக்கு வந்து சேர்ந்தபோது தூறல் விழுந்துகொண்டிருந்தது. ஒரு கையில் குடை, மறு கையில் வருகைப் பதிவேடு. குடை பதிவேட்டுக்குத்தான். முப்பது வருட ஆபீஸ் உத்தியோகம். அந்தப் பழக்கம் கட்டையில் போகும்வரை போகாது.

எழில்மிகு ஊரகச் சாலைகள் பாதுகாப்பு ஆலோசனைக் குழு என்பது குழுவின் பெயர். சொல்லி முடிப்பதற்குள் பாதிச் சாலையைக் கடந்துவிடலாம். உறுப்பினர்கள் ஏழு பேர். கூட்டம் செல்லுபடியாக நான்கு பேராவது வேண்டும். அதைக் கோரம் என்பார்கள். அந்தச் சொல்லுக்கு வேறு பொருளும் உண்டு என்பது செயலாளருக்கு அன்று வரை உறைக்கவில்லை.

கோரம் சேர்ந்து இரண்டு வருடமாயிற்று. ஏழு பேரில் ஒருவரான சர்வேயர் இதே வளைவில் லாரியில் அடிபட்டுச் செத்தும் இரண்டு வருடமாயிற்று. அவர் பெயரைப் பட்டியலிலிருந்து எடுக்கத் தீர்மானம் வேண்டும். தீர்மானத்துக்குக் கோரம் வேண்டும். ஆகவே சாலையில் செத்தவர் காகிதத்தில் சௌக்கியமாக இருந்தார்.

வளைவில் பெருமரங்கள் தோளோடு தோள் நிற்கும். பார்க்க அழகு. எதிரே வரும் லாரி மட்டும் கண்ணுக்குத் தெரியாது. செயலாளரின் மகள் ஆஸ்பத்திரியில் நர்ஸ். தினமும் ஐந்து மணிக்கு ஸ்கூட்டரில் இந்த வழியாகத்தான் வீடு திரும்புவாள். அவள் வந்து சேரும்வரை அவர் வாசலை விட்டு நகரமாட்டார். குழு பரிந்துரைத்தால் உள்பக்கத்து ஆறு மரங்களை வெட்டிவிடுவார்கள். ஆனால் செயலாளருக்கு ஓட்டு கிடையாது.

இடத்திலேயே கூட்டம் போடலாம் என்று வீடு வீடாகக் கெஞ்சியதில் மூன்று பேர் ஒரே காரில் வந்தார்கள். குழுத் தலைவரான பழைய டிராயிங் மாஸ்டர், மருந்துக்கடைக்காரர், வக்கீலம்மா.

“கோரத்துக்கு ஒருத்தர் குறையுதே,” என்றார் தலைவர்.

“கால் மணி நேரம் பாப்போம் சார்,” என்றார் செயலாளர்.

“எனக்கு முட்டி தாங்காதுப்பா,” என்றாள் வக்கீலம்மா.

“நம்ம கடையில தைலம் இருக்கும்மா,” என்றார் மருந்துக்கடைக்காரர்.

“போன மாசம் வாங்குனேனே. அதுக்கப்புறம்தான் இன்னொரு முட்டியும் வலிக்குது.”

பதிவேட்டைக் காரின் பானெட்டில் விரித்து மூவரும் கையெழுத்துப் போட்டார்கள். செயலாளர் திரும்ப எடுத்தபோது நான்கு கையெழுத்து இருந்தது.

நான்காவது, சர்வேயர் பெயருக்கு எதிரே.

மை இல்லை. ஈரச் சேறு.

“என்னைப் பாக்காதீங்க,” என்றார் மருந்துக்கடைக்காரர். “எனக்கு என் கையெழுத்தே ரெண்டு தடவை ஒரே மாதிரி வராது.”

தூறல் நின்றது. மரங்களுக்குள்ளிருந்து டயர் கருகிய நாற்றம் வந்தது. சாலையில் வண்டி எதுவும் இல்லை.

தலைவர் விதியை விட்டு ஓர் அங்குலம் நகராதவர். “பேர் பட்டியல்ல இருக்கு. கையெழுத்து இருக்கு. கோரம் சரி,” என்றார். பதிவேட்டை மட்டும் தொடவில்லை. “மரத்தை வெட்டலாம்கறவங்க?”

வக்கீலம்மா, மருந்துக்கடைக்காரர். இரண்டு.

“வேண்டாம்கறவங்க?”

தலைவரே கையைத் தூக்கினார். அழகைக் கெடுக்க அவருக்கு மனசு வராது.

மரங்களுக்கு நடுவே இன்னொரு கை உயர்ந்தது. முழங்கை தப்பான பக்கம் மடங்கியிருந்தது.

யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. எண்ண மட்டும் எண்ணினார்கள்.

இரண்டுக்கு இரண்டு. சமமானால் தலைவருக்கு இன்னொரு ஓட்டு. மரங்கள் பிழைத்தன.

செயலாளர் மரத்தடிக்குப் போனார். “சார், என் பொண்ணு தினமும் இந்த வழியாத்தான் வர்றா,” என்றார், உதடு மட்டும் அசைய.

காதோரம் ஈரமாக ஒரு மூச்சு.

“தெரியும்பா. தினமும் பாக்குறேன்.”

கோபம் வந்தால் அடிக்காதே, விதியைக் காட்டு என்பது ஆபீஸில் கற்ற பாடம். “தலைவரே,” என்றார் செயலாளர். “இப்ப கோரம் இருக்கு. இருக்கும்போதே, செத்துப்போன உறுப்பினர் பேரை எடுத்துடலாம்.”

மூன்று கைகள் ஒரே மூச்சில் உயர்ந்தன. நான்காவது உயரவில்லை. செயலாளர் அந்தப் பெயரின் மேல் பேனா முனை மடங்கும்படி கோடு போட்டார். பக்கத்திலிருந்த சேறு காய்ந்து பொடியாக உதிர்ந்தது.

உறுப்பினர்கள் மூவரும் ஒரே கதவு வழியாகக் காரில் ஏறிப் போய்விட்டார்கள். தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்று செயலாளர் மகளுக்காக அங்கேயே நின்றார். பதவி போனவன் பழைய தொழிலுக்குத் திரும்புவான் என்பது அவருக்குத் தோன்றவில்லை.

ஐந்து அடித்தது. ஐந்தரை ஆயிற்று.

ஐந்தே முக்காலுக்கு மரங்களைச் சுற்றிக்கொண்டு ஸ்கூட்டர் வந்தது. மகள் முழுசாக இருந்தாள்.

“ஏம்மா இவ்ளோ நேரம்?”

“வளைவுக்கு அந்தப் பக்கம் ஒருத்தர் நிறுத்திட்டார்பா. சர்வேயராம். அளக்கணும்னார். பாவம், ஒரு கை சரியில்ல. நாந்தான் நாடாவோட ஒரு முனையப் புடிச்சுக்கிட்டேன்.”

“ரோட்டை அளந்தாரா?”

“ரோட்டை எதுக்கு? ஹெல்மெட்டைக் கழட்டச் சொன்னார். என்னைத்தான் அளந்தார். ஆறடி நிலம் போதும்னு எழுதிக்கிட்டார்.”

அவள் செருப்பு நுனியில் சேறு ஒரு பொட்டு ஒட்டியிருந்தது. உச்சந்தலையில் இன்னொன்று. இரண்டும் ஈரம் காயாமல்.