நாலாம் அறைக்கு ரீஸ்டார்ட் இல்லை

காலை பத்து மணிக்குக் குளிர்கிடங்கின் வாசலில் அந்த அம்மா ஆட்டோவை விட்டு இறங்கினார். தோளில் ஒரு கறுப்புப் பை, கையில் தண்ணீர் பாட்டில். கம்ப்யூட்டர் புரோகிராமில் ஓட்டை அடைக்கும் பேட்ச் போட வந்தவர். அவரைச் சர்வர் அறைக்குக் கூட்டிப்போகும் வேலை தோள்காரர் தலையில் விழுந்தது. பதினெட்டு வருஷம் பெட்டி சுமந்து வலது தோள் சரிந்துபோனவர், அதனால் அந்தப் பெயர்.

வரவேற்பறையில் ஒரு டிவி. அதில் படம் ஓடாது, பாட்டு ஓடாது. ஒரே ஒரு எண்தான்: 2,214. குளிரறைக் கதவுப் பூட்டுவரை எல்லாவற்றையும் இயக்கும் சர்வர் நிற்காமல் ஓடிய நாட்கள். மேனேஜர் தினமும் கைக்குட்டையால் அதைத் துடைப்பார். பெற்ற பிள்ளையின் மூக்கை அவ்வளவு பாசமாகத் துடைத்தவரில்லை. சுமைக்காரர்கள் அவருக்கு வைத்த பெயர் நாள்கணக்கு.

“வாங்க வாங்க, எல்லா பேட்சும் போடுங்க. ரீஸ்டார்ட் மட்டும் பேச்சே கிடையாது” என்றார் நாள்கணக்கு. “அடுத்த வாரம் டைரக்டருங்க வர்றாங்க. எண்ணைப் பார்த்து அசந்து போகணும்.”

“ரீஸ்டார்ட் பண்ணலேன்னா போட்டதுக்கு அர்த்தமே இல்ல சார்.”

“சும்மா கிடைக்கிற சாமானுக்கு இவ்வளவு உபசாரமா?” என்று சிரித்துவிட்டுப் போனார்.

சும்மா கிடைப்பதுதான், உண்மை. அந்த சர்வரை ஓட்டும் ஆபரேட்டிங் சிஸ்டம் யாருடைய சொத்தும் இல்லை. உலகத்தில் எங்கெங்கோ உட்கார்ந்திருக்கிறவர்கள் அதைத் திறந்து பார்த்து, ஓட்டை கண்ட இடத்தில் தைத்து, இந்தா எடுத்துக்கொள் என்று அனுப்புகிறார்கள். முகம் தெரியாதவன் ராத்திரி கண் விழித்துத் தைத்ததை வாங்கிப் போட்டுக்கொள்ளக்கூட இந்த மகாராஜாவுக்கு வலிக்கிறது.

சர்வர் அறையும் நாலாம் குளிரறையும் எதிரெதிரே இருந்தன. நடுவில் ஒரு நடை. நடையில் எப்போதும் ஈரத்துணி வாடை. நாலாம் அறைக் கதவின் குறுக்கே, ஆறிய காயம் மாதிரி ஒரு நீளத் தழும்பு. வெல்டிங் தழும்பு.

“இது என்ன அண்ணா?”

தோள்காரர் சர்வர் அறையைத் திறந்துவிட்டார்.

அந்த அம்மா திரையைப் பார்த்தார். பார்க்கப் பார்க்க முகம் சுருங்கியது.

“ஆறு வருஷமா பேட்ச் எல்லாம் வந்திருக்கு, ஒழுங்கா இறக்கியும் வெச்சிருக்காங்க. ஒண்ணுகூட வேலை செய்யல. புதுச் சட்டை தைச்சு அலமாரியில அடுக்கியாச்சு. உடம்புல இன்னும் பழைய கிழிசல்தான். இதுல ஒண்ணு கதவுப் பூட்டுக்கு வந்தது. உள்ளேயிருந்து பட்டனை அழுத்தினா சில நேரம் பூட்டைப் பார்க்கிற புரோகிராம் மட்டும் மலைச்சு நின்னுடும், கதவு திறக்காது.”

“தெரியும்மா.”

“எப்படித் தெரியும்?”

“ஒருத்தர் செத்தாரு.”

இரண்டு வருஷத்துக்கு முன் அந்த சர்வரைப் பார்த்துக்கொண்டவர் கண்ணாடிக்காரர். ரீஸ்டார்ட் பண்ணுங்கள் என்று பதினேழு கடிதம் எழுதினார். பதினேழும் குப்பைக்குப் போயின. பூட்டைத் தானே பார்த்துவிடலாம் என்று ஒருநாள் நாலாம் அறைக்குள் போய், அங்கே சுவரிலிருந்த கீபோர்டில் தன் பேரைக் கொடுத்து வேலையைத் தொடங்கினார். கதவு மூடிக்கொண்டது. சர்வரை நிறுத்தினால் பூட்டு தானாக விட்டுவிடும், அப்படித்தான் செய்திருந்தார்கள். நாள்கணக்கு நிறுத்தவில்லை. கேஸ் கட்டர்காரனுக்கு ஆள் அனுப்பினார். கட்டர் வந்து கதவைக் கிழித்தபோது உள்ளே தட்டும் சத்தம் நின்று ஒரு மணி நேரம் ஆகியிருந்தது. சாயங்காலமே கதவை ஒட்டவைத்தார்கள். எண்ணுக்கு ஒரு கீறல் விழவில்லை.

அந்தத் தட்டலை நடையில் நின்று கேட்டவர்களில் தோள்காரரும் ஒருவர். மற்றவர்களைப் போலவே கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

அந்த அம்மா ஏதோ தட்டித் திரையை மறுபடி பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டார்.

“அண்ணா, இந்த சர்வருக்குள்ள இப்ப ரெண்டு பேர் லாகின் பண்ணி இருக்கோம். ஒண்ணு நான். இன்னொருத்தர் நாலாம் அறை கீபோர்டுல இருந்து வந்திருக்காரு. வந்து ரெண்டு வருஷமாகுது. இது அவரு பேரா?”

தோள்காரர் எழுத்துக்கூட்டிப் படித்தார். தலையாட்டினார்.

“அணைக்காத மெஷின்ல பழசு அப்படியே தங்கிடும். பயப்பட ஒண்ணுமில்ல” என்றார் அந்த அம்மா. சொன்னவர் விரல் திரையில் ஒரு இடத்தில் நின்றது.

“என்னம்மா?”

“கடைசியா கீயை அழுத்தி நாலு செகண்டுதான் ஆகுது.”

குளிர் அவர்கள் கணுக்காலைத் தொட்டது. கதவு இடுக்கு வழியாகத்தான் வந்திருக்கும்.

அப்போது எதிரே தட்டும் சத்தம் கேட்டது.

தட். தட். தட்.

தோள்காரர் நடைக்கு ஓடினார். கதவருகே தள்ளுவண்டி நின்றது. அதன் கைப்பிடியில் பச்சைத் துண்டு தொங்கியது. மனைவியின் தம்பி, கூடவே பெட்டி சுமக்கும் மச்சான், காலையில் தலையில் கட்டிவந்த துண்டு. உள்ளே மைனஸ் இருபத்தைந்து. பையன் போட்டிருந்தது அரைக்கைச் சட்டை. ஒரே ஒரு பெட்டிதானே என்று போயிருப்பான்.

“மச்சான்! பட்டனை அழுத்துடா!”

தட். தட்.

பிறகு வேறொரு தட்டல். முதல் தட்டல் உள்ளங்கையால். இது விரல் மூட்டால். மெதுவாக, அவசரமே இல்லாமல், அதே கதவின் மேல் மூலையில்.

இரண்டும் ஒரே நேரத்தில் கேட்டன.

நாள்கணக்கு மூச்சு வாங்க வந்து சேர்ந்தார். நேராகச் சர்வருக்கு முன்னால் போய்க் கைகளை விரித்து நின்றார், கோழி குஞ்சை மறைப்பது போல.

“யாரும் தொடக்கூடாது. கட்டர்காரனுக்குப் போன் பண்ணிட்டேன். ரெண்டு மணி நேரத்துல வந்துடுவான்.”

“அரை மணி தாங்கமாட்டான் சார்” என்றார் அந்த அம்மா.

“இளம் ரத்தம், தாங்குவான். இன்னும் ஏழு நாள்தான்மா இருக்கு. அப்புறம் நீங்க என்ன வேணா பண்ணிக்கங்க.”

எதிரே உள்ளங்கைத் தட்டல் இளைத்தது. ஒன்று. இடைவெளி. ஒன்று.

தோள்காரருக்கு அந்த இடைவெளி தெரியும். முன்பே கேட்ட இடைவெளி.

“சார், நகருங்க.”

“வேலை போயிடும், பார்த்துக்க.”

“இந்த வேலையை நீங்களே வெச்சுக்கங்க. சுமந்து பாருங்க, எப்படி இருக்குன்னு.”

சரிந்த தோளால் ஒரு இடி. பதினெட்டு வருஷத்துப் பெட்டிகளை விட நாள்கணக்கு இலேசாகத்தான் இருந்தார். சுவரோரம் போய் உட்கார்ந்தார்.

“ரெண்டு கரண்டு ஒயர் அண்ணா” என்றார் அந்த அம்மா. கை சரியான இடத்தைக் காட்டியது. “ரெண்டையும் சேர்த்துப் பிடுங்கணும்.”

பிடுங்கினார்.

ஆறு வருஷமாக இரைந்துகொண்டிருந்த காற்றாடிகள் ஒவ்வொன்றாக நின்றன. அந்தக் கட்டடம் அவ்வளவு அமைதியாக இருந்து யாரும் கேட்டதில்லை. எதிரே பூட்டு ‘டக்’கென்று விட்டது.

மச்சான் தவழ்ந்து வந்தான். புருவமெல்லாம் வெள்ளை. தோள்காரர் வாரி எடுத்து மடியில் போட்டுத் தேய்த்தார்.

“உன் அக்காவுக்கு என்னடா பதில் சொல்லியிருப்பேன், நாயே.”

“மாமா” என்றான், பல் கிட்டிக்கொண்டு. “அவரையும் வெளிய கூப்பிடுங்க.”

“யாரைடா?”

“உள்ள ஒருத்தர். தூங்காத தூங்காதன்னு கன்னத்துல தட்டிக்கிட்டே இருந்தாரு. கதவு திறந்ததும் வாங்கன்னேன். நீ போ, நான் ஒரு ஆளைப் பார்க்கணும்னாரு.”

தோள்காரர் திறந்த கதவைத் திரும்பிப் பார்த்தார்.

நாள்கணக்கு சட்டையைத் தட்டிக்கொண்டு எழுந்தார். வரவேற்பறை டிவியில் எண் போயிருக்கும், அதுதான் அவருடைய துக்கம். “ஆளா? எந்த ஆள்? குளிர்ல மூளை உறைஞ்சவன் உளறுறான், நீங்களும் வாயைப் பொளந்து நிக்கிறீங்க. நானே பார்க்கிறேன்.”

விடுவிடுவென்று நாலாம் அறைக்குள் போனார். உள்ளே அவர் செருப்புச் சத்தம் கேட்டது. கடைசி அலமாரி வரை போனது. அங்கே கொஞ்சம் நின்றது. திரும்பி வந்தது.

“ஒரு ஈ, எறும்பு இல்ல. கூமுட்டைங்களா” என்று சிரித்தார். “சர்வரைப் போடுங்க, எண்ணை நான் பழையபடி மாத்தச் சொல்றேன்.” கைக்குட்டையை எடுத்துக்கொண்டு, அவர்களைத் தாண்டி வெளிமுற்றத்துக்கு நடந்தார்.

நீலச் சட்டையின் முதுகில், இடது தோளுக்குக் கீழே, ஒரு கை பதிந்திருந்தது. ஐந்து விரலும் தெளிவாக, வெள்ளை உறைபனியில்.

முற்றத்தில் பதினோரு மணி வெயில் கொளுத்தியது. நாள்கணக்கு அதில் நின்று டைரக்டருக்குப் போன் போட்டு, வேலைக்காரர்களின் திமிரைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். கழுத்தில் வியர்வை வழிந்தது. பனி கரையவில்லை.

பார்த்துக்கொண்டிருக்கும்போதே, வலது தோளில் இரண்டாவது கை மெல்ல வெளுத்து வந்தது.

அந்த அம்மா தோள்காரரைப் பார்த்தார். தோள்காரர் மச்சானின் உள்ளங்கையைத் தேய்த்துக்கொண்டிருந்தார், தலையை நிமிர்த்தவில்லை.

நாள்கணக்கிடம் யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை.